கணினியில் அறிமுகமில்லாத ஓர் எக்ஸ்இ கோப்பு: நம்புவதா, நீக்குவதா?

மின்மினி

அனைவருக்கும் வணக்கம். இரண்டு வாரங்களாக என் மடிக்கணினியின் விசிறி, நான் எந்த வேலையும் செய்யாமல் விட்டிருக்கும் நேரத்திலும் உரத்துச் சுழல்கிறது. காரணத்தை அறியலாம் என்று இயங்கும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் சில நொடிகளில் சத்தம் அடங்கிவிடுகிறது. பட்டியலில் அளவுக்கு மீறி உழைக்கும் நிரல் எதுவும் தென்படுவதில்லை. மூடிய சற்று நேரத்தில் மறுபடியும் சத்தம் தொடங்குகிறது.

கணினி தொடங்கும்போது தானாகவே இயங்கும் நிரல்களின் பட்டியலைப் பார்த்தபோது "எஸ்விசிஹோஸ்ட்64.எக்ஸ்இ" என்ற பெயர் கண்ணில் பட்டது (எக்ஸ்இ என்று முடிந்தால் அது இயக்கக்கூடிய நிரல் கோப்பு). நான் நிறுவிய எதனோடும் அதற்குத் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை. அதன் விவரங்களில் நிறுவனத்தின் பெயராக "மைக்ரோசாஃப்ட் கார்ப்பரேஷன்" என்றே இருக்கிறது. இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் இதைத் தொட்டால் விண்டோஸே இயங்காமல் போகும் என்கிறது; இன்னொரு பக்கம் இது கொடிய வைரஸ், உடனே எங்கள் துப்புரவு நிரலை இறக்கிக்கொள்ளுங்கள் என்கிறது. கணினியில் உள்ள வைரஸ் தடுப்பு நிரலோ எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஒருமுறை இரட்டைச் சொடுக்கு செய்து என்னதான் திறக்கிறது என்று பார்க்கலாமா?

வானம்பாடி

தயவுசெய்து சொடுக்க வேண்டாம். இப்போதைக்கு நீக்கவும் வேண்டாம். அந்தத் துப்புரவு நிரலையும் இறக்க வேண்டாம். கோப்பின் பெயரைத் தேடி வருபவர்களின் அச்சத்தை வைத்துப் பிழைக்கும் பக்கங்கள் பல உள்ளன. எந்தப் பெயரைத் தேடினாலும் அவை ஒரே எச்சரிக்கையைத்தான் தரும். அங்கே கிடைக்கும் நிரல், உங்களிடம் இருக்கும் கோப்பைவிட மோசமானதாக இருக்கக்கூடும்.

பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் எவரும் எந்தக் கோப்புக்கும் எந்தப் பெயரையும் இடலாம். உண்மையான எஸ்விசிஹோஸ்ட் விண்டோஸின் சேவைகளைத் தாங்கி இயங்கும் நிரல். ஒரே நேரத்தில் பல பிரதிகளாக அது இயங்குவது இயல்பு. அந்தக் கூட்டத்தில் போலி ஒன்று கலந்தால் எளிதில் தெரியாது என்பதால்தான் தீநிரல் எழுதுபவர்கள் அந்தப் பெயரை நாடுகிறார்கள். ஓர் எழுத்தை இடம் மாற்றுவது, 'ஓ' எழுத்துக்குப் பதிலாகச் சுழியம் இடுவது, 'எல்சாஸ்' என்ற விண்டோஸ் கோப்பின் முதல் எழுத்தான சிறிய 'எல்' இருக்க வேண்டிய இடத்தில் பெரிய 'ஐ' எழுத்தை வைப்பது என்று அவர்கள் கையாளும் வழிகள் பல. உங்கள் கோப்பின் பெயரில் உள்ள 64 என்ற எண்ணும் அப்படிச் சேர்க்கப்பட்ட ஒட்டாகவே எனக்குத் தோன்றுகிறது.

நிறுவனத்தின் பெயரும் சான்றாகாது. கோப்பின் விவரங்களைக் காட்டும் ப்ராப்பர்ட்டீஸ் சாளரத்தில் காணும் நிறுவனப் பெயர், விளக்கம், பதிப்பு எண் ஆகிய எல்லாம் நிரலை உருவாக்கியவர் தானே தட்டச்சு செய்த எழுத்துகள். அவற்றை எவரும் சரிபார்ப்பதில்லை.

ஆகவே முதலில் கோப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பட்டியலிலேயே வலச் சொடுக்கு செய்து, கோப்பு இருக்கும் இடத்தைத் திறக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். உண்மையான எஸ்விசிஹோஸ்ட் விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள சிஸ்டம்32 இல் இருக்கும். அதன் 32 பிட் பிரதி சிஸ்வாவ்64 இல் இருக்கும். (பெயர்கள் தலைகீழாகத் தோன்றினாலும் 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 தான் 64 பிட் கோப்புகளின் இடம். இந்தக் குழப்பத்தால் நல்ல கோப்புகளைச் சந்தேகிப்பவர்கள் உண்டு.) வேறிடத்தில் இருந்தால் அது எஸ்விசிஹோஸ்ட் அல்ல.

கோப்பின் வகையைச் சொல்லும் கடைசி எழுத்துகளான நீட்டிப்புகளைக் காட்டும் அமைப்பையும் இயக்கிவிடுங்கள். விண்டோஸ் அவற்றை இயல்பாகவே மறைத்து வைக்கிறது. 2000 ஆம் ஆண்டு மே மாதத்தில் உலகெங்கும் பரவிய 'ஐ லவ் யூ' புழுவின் இணைப்பு பலருக்கு வெறும் உரைக் கோப்பாகத் தெரிந்ததற்கு, அது ஒரு நிரல் என்று காட்டும் விபிஎஸ் என்ற இறுதி நீட்டிப்பு மறைந்திருந்ததும் ஒரு காரணம்.

நீரோடை

இவ்வளவு சுற்றி வளைக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. வைரஸ்டோட்டல் தளத்தில் கோப்பை ஏற்றினால் ஏறத்தாழ 70 தடுப்பு நிரல்கள் ஒரே நேரத்தில் ஆராய்ந்து சொல்லிவிடும். சுழியம் என்று வந்தால் விட்டுவிடுங்கள். பத்துக்கு மேல் வந்தால் நீக்கிவிடுங்கள்.

மின்மினி

இருவருக்கும் நன்றி. கோப்பு சிஸ்டம்32 இல் இல்லை. நிரல்கள் தம் தரவைச் சேமிக்கும், என் பயனர் கணக்கின் ஆப்டேட்டா கோப்புறைக்குள், ரோமிங் என்பதன் கீழே, விண்டோஸுக்கு உரியதுபோல் பெயரிடப்பட்ட ஒரு கோப்புறையில் இருக்கிறது.

இன்னொன்றும் பார்த்தேன். மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட கோப்பாக இருந்தால் ப்ராப்பர்ட்டீஸில் வெளியிட்டவரை உறுதிசெய்யும் டிஜிட்டல் கையொப்பத்துக்கான தாவல் இருக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். இந்தக் கோப்பில் அது இல்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக சிஸ்டம்32 இல் உள்ள நோட்பேடைத் திறந்தபோது அதிலும் அந்தத் தாவல் இல்லை! அப்படியானால் நோட்பேடையும் சந்தேகிக்க வேண்டுமா, அல்லது கையொப்பம் என்ற சோதனையே பயனற்றதா?

ஆலமரம்

ஒப்பிட்டுப் பார்த்தது மிகச் சரியான செயல். பெரும்பாலானோர் அதைச் செய்வதில்லை. சோதனை பயனற்றதல்ல, ஆனால் அந்தத் தாவல் முழு விடையையும் காட்டுவதில்லை.

விண்டோஸில் கையொப்பம் இருவகையாக இருக்கும். ஒன்று, கோப்புக்குள்ளேயே பொதிந்திருப்பது. அதுதான் தாவலில் தெரியும். மற்றொன்று, பல கோப்புகளின் ஹாஷ் மதிப்புகளை, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் விரல்ரேகை போன்ற எழுத்துத் தொடர்களை, திரட்டி வைத்திருக்கும் கேட்டலாக் என்ற தனிக் கோப்பில் இடப்படுவது. இயங்குதளத்தோடு வரும் பல நிரல்கள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை என்பதால் தாவல் இல்லாமலேயே கையொப்பம் பெற்றிருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க, விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் 'கெட்-ஆதென்டிகோட்சிக்னேச்சர்' என்ற கட்டளையோடு கோப்பின் பாதையைத் தாருங்கள். நோட்பேடின் கையொப்பம் செல்லுபடியாகும் என்று வரும். உங்கள் கோப்புக்கு என்ன வருகிறது என்று சொல்லுங்கள். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள சிக்செக் என்ற சிறு நிரலும் இதையே செய்யும்.

கையொப்பம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். யாருடைய சான்றிதழால் இடப்பட்டது, இட்ட பிறகு கோப்பு மாறியிருக்கிறதா என்ற இரண்டுக்கு மட்டுமே அது விடை தரும். நிரல் நல்லதா என்ற கேள்விக்குள் அது நுழைவதே இல்லை. 2010 இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரலின் இயக்கிகள் (டிரைவர்கள்), ரியல்டெக், ஜேமைக்ரான் ஆகிய நிறுவனங்களிடமிருந்து திருடப்பட்ட சான்றிதழ்களால் முறையாகக் கையொப்பமிடப்பட்டிருந்தன. 2017 இல் கணினித் துப்புரவு நிரலான சிகிளீனரின் 5.33 பதிப்பில் தீநிரல் நுழைக்கப்பட்டபோது அது அந்நிறுவனத்தின் சொந்தக் கையொப்பத்தோடும் சொந்தத் தளத்தின் வழியாகவுமே பயனர்களைச் சென்றடைந்தது, ஏறத்தாழ 22.7 லட்சம் கணினிகளில் அந்தப் பதிப்பு நிறுவப்பட்டிருந்தது. மறுபுறம், சான்றிதழுக்குப் பணம் செலுத்த வேண்டியிருப்பதால் தனியாளாக நிரல் எழுதும் நேர்மையான பலர் கையொப்பமே இடுவதில்லை.

எனவே கையொப்பம் இல்லாதது மட்டும் குற்றமல்ல. ஆனால் "நான் மைக்ரோசாஃப்டின் நிரல்" என்று தன் விவரங்களில் சொல்லிக்கொள்ளும் கோப்புக்கு மைக்ரோசாஃப்டின் கையொப்பம் இல்லையென்றால், அது தன்னைப் பற்றிப் பொய் சொல்கிறது. நான் எப்போதும் தேடுவது இத்தகைய முரண்பாட்டைத்தான். ஒரு கோப்பு தன்னைப் பற்றிச் சொல்வதும், அது இருக்கும் இடம், வந்த வழி, நடந்துகொள்ளும் விதம் ஆகியவை சொல்வதும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

வானம்பாடி

நீரோடை சொன்ன தளம் நல்ல கருவிதான். 2004 இல் தொடங்கப்பட்டு 2012 இல் கூகுளின் கைக்கு வந்த அதை நானும் நாள்தோறும் பயன்படுத்துகிறேன். ஆனால் கோப்பையே ஏற்றுவது முதல் படியாக இருக்கக் கூடாது. அங்கே ஏற்றப்படும் கோப்பு, பாதுகாப்பு நிறுவனங்களுக்கும் கட்டணம் செலுத்தும் உறுப்பினர்களுக்கும் கிடைக்கும். இந்த எக்ஸ்இ கோப்பில் உங்கள் அந்தரங்கம் எதுவும் இருக்காது என்றாலும், இதே பழக்கத்தில் ஒருநாள் சம்பள விவரம் கொண்ட ஆவணத்தையோ அலுவலகத்தின் உள்நிரலையோ ஏற்றிவிடுவோம்.

முதலில் ஹாஷ் மதிப்பை எடுத்து அதைத் தேடுங்கள். பவர்ஷெல்லில் 'கெட்-ஃபைல்ஹாஷ்' என்ற கட்டளை, வேறு எதுவும் கேட்காவிட்டால் எஸ்எச்ஏ-256 முறையில் 64 எழுத்துகள் கொண்ட மதிப்பைத் தரும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அது முற்றிலும் வேறாகிவிடும். அதை அந்தத் தளத்தின் தேடல் பெட்டியில் ஒட்டினால், இதே கோப்பை உலகில் வேறு எவரேனும் முன்பு ஏற்றியிருந்தால் அந்த அறிக்கை கிடைக்கும். உங்கள் கணினியிலிருந்து கோப்பு வெளியே போகாது. எம்டி5, எஸ்எச்ஏ-1 ஆகிய பழைய முறைகளைத் தவிர்த்துவிடுங்கள். இரு வேறு கோப்புகளுக்கு ஒரே மதிப்பு வரும்படி செய்ய முடியும் என்பது முதலாவதில் 2004 இலும் இரண்டாவதில் 2017 இலும் செய்து காட்டப்பட்டுவிட்டது.

மின்மினி

செய்து பார்த்தேன். நோட்பேடின் கையொப்பம் செல்லுபடியாகும் என்று வந்தது. இந்தக் கோப்பு கையொப்பமிடப்படவில்லை என்று வந்தது. ஹாஷ் தேடலில் அறிக்கை கிடைத்தது: நான்கு நிரல்கள் மட்டும் தீங்கானது என்கின்றன, மற்றவை எல்லாம் ஒன்றுமில்லை என்கின்றன. அந்த நான்கில் இரண்டின் குறிப்பில் 'ஜெனரிக்' (பொதுவானது) என்றும் ஒன்றில் 'காயின்மைனர்' (நாணயம் தோண்டி) என்றும் உள்ளது. கோப்பு முதன்முதலாக அங்கே ஏற்றப்பட்டது பதினெட்டு நாட்களுக்கு முன்புதான்.

நீரோடை

நான்கு என்பது மிகவும் குறைவு. நான் பைத்தானில் எழுதும் சிறு கருவிகளை ஒற்றை எக்ஸ்இ கோப்பாகக் கட்டித் தருவது வழக்கம்; அவற்றைப் பலமுறை ஐந்தாறு தடுப்பு நிரல்கள் தீநிரல் என்று தவறாகக் குறித்திருக்கின்றன. 'ஜெனரிக்' என்ற சொல்லே அவை உறுதியாகத் தெரியாமல் ஊகிக்கின்றன என்பதைக் காட்டுகிறது. என் உழைப்பைத் திருட்டு நிரல் என்று பார்த்து அழித்துவிட்டவர்களுக்கு விளக்கம் எழுதி நான் சலித்திருக்கிறேன். ஆகவே அவசரப்பட்டு ஒரு நிரலைக் குற்றவாளியாக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆலமரம்

நீரோடையின் வருத்தம் நியாயமானது. தடுப்பு நிரல்கள் பெரிய அளவிலும் தவறியிருக்கின்றன. 2010 ஏப்ரல் 21 அன்று தடுப்பு நிரல் நிறுவனமான மெக்காஃபி வெளியிட்ட ஒரு புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் உண்மையான எஸ்விசிஹோஸ்ட் கோப்பையே வைரஸ் என்று முடிவு செய்து அகற்றிவிட்டது. கணினிகள் திரும்பத் திரும்ப மறுதொடக்கம் ஆயின. வலை இணைப்பும் போனதால் திருத்தத்தை அனுப்பவும் வழியின்றி, ஒவ்வொரு கணினியாகச் சென்று சரிசெய்ய வேண்டியதாயிற்று. மனிதர்களும் இப்படித் தவறுவதுண்டு. 2002 இல் ஒரு மின்னஞ்சல் சுற்றி வந்தது: உங்கள் கணினியில் கரடி பொம்மையின் படத்தோடு 'ஜேடிபிஜிஎம்ஜிஆர்' என்ற கோப்பு இருந்தால் அது வைரஸ், உடனே அழியுங்கள், நண்பர்களுக்கும் தெரிவியுங்கள் என்று. தேடிப் பார்த்தவர்கள் சொன்னபடியே கரடிப் படத்தோடு அந்தக் கோப்பைக் கண்டு நம்பி அழித்தார்கள். அது விண்டோஸோடு வந்த, ஜாவா தொடர்பான முறையான கோப்பு. நீக்குவதற்கு முன் நிறுத்துங்கள் என்று வானம்பாடி முதலிலேயே சொன்னதற்கு இதுவே காரணம்.

ஆனால் அந்த எண்ணிக்கையை வாக்கெடுப்பாகப் படிப்பதை நான் ஏற்கவில்லை. பத்துக்கு மேல் என்றால் நீக்கு, சுழியம் என்றால் விடு என்ற விதி இரு பக்கமும் ஏமாற்றும். நேற்று எழுதப்பட்ட தீநிரலுக்குச் சுழியம் வருவது இயல்பு. எண்ணிக்கையைவிட அறிக்கையின் மற்ற பகுதிகளே எனக்கு அதிகம் சொல்கின்றன. இந்தக் கோப்பு முதன்முதலில் காணப்பட்டது பதினெட்டு நாட்களுக்கு முன்பு. மின்மினிக்குச் சிக்கல் தொடங்கி இரண்டு வாரங்கள். விண்டோஸின் உண்மையான பகுதி ஒன்று கோடிக்கணக்கான கணினிகளில் இருந்திருக்கும். அது பதினெட்டு நாட்களுக்கு முன்பு முதன்முதலாகத் தோன்றியிருக்காது. நீரோடையின் கருவிகள் தங்களை மைக்ரோசாஃப்டின் பெயரால் அறிமுகம் செய்துகொள்வதும் இல்லை, ரோமிங் கோப்புறைக்குள் போய் அமர்ந்துகொள்வதும் இல்லை. ஒரே நான்கு என்ற எண், இரண்டு கோப்புகளில் இரண்டு பொருள் தருகிறது.

இன்னும் இரண்டு தகவல்கள் தேவை. ஒன்று, வந்த வழி. இணையத்திலிருந்து இறக்கப்படும் கோப்போடு 'ஜோன்.ஐடென்டிஃபையர்' என்ற மறைவான குறிப்பை உலாவி சேர்த்து வைக்கிறது. இணையத்திலிருந்து வந்தது என்றால் அதில் மண்டல எண் 3 என்று இருக்கும், பல நேரங்களில் இறக்கிய முகவரியும் இருக்கும். பவர்ஷெல்லில் 'கெட்-கன்டென்ட்' கட்டளையோடு 'ஸ்ட்ரீம்' என்ற தெரிவைச் சேர்த்து அதைப் படிக்கலாம். அந்தக் கோப்பில் இல்லாவிட்டால், அது உருவான அதே நாளில் இறக்கங்கள் கோப்புறைக்கு வந்தவற்றைப் பாருங்கள். இரண்டாவது, தொடக்கப் பட்டியலின் தலைப்பில் வலச் சொடுக்கு செய்து கட்டளை வரியைக் காட்டும் நெடுவரிசையைச் சேருங்கள். நிரல் எந்தக் கட்டளைகளோடு இயக்கப்படுகிறது என்பது அதன் நோக்கத்தைப் பெரும்பாலும் வெளிக்காட்டிவிடும்.

மின்மினி

கோப்பில் அந்தக் குறிப்பு இல்லை. ஆனால் அது உருவான அதே நாளில், நான்கு நிமிடங்களுக்கு முன்பு, ஒரு காணொலி மாற்றி நிரலின் ஜிப் கோப்பை இறக்கியிருக்கிறேன். அதை உருவாக்கியவர்களின் தளத்திலிருந்து எடுத்ததாகவே இதுவரை நினைத்திருந்தேன். குறிப்பில் உள்ள முகவரியோ நான் கேள்விப்பட்டிராத வேறொரு தளத்தினுடையது. தேடல் முடிவுகளின் மேலே விளம்பரமாக வந்ததைச் சொடுக்கியது இப்போது நினைவுக்கு வருகிறது.

கட்டளை வரியில் கோப்பின் பெயருக்குப் பிறகு 'ஸ்ட்ரேட்டம்' என்று தொடங்கும் ஒரு முகவரியும், பொருள் விளங்காத மிக நீளமான எழுத்துத் தொடரும் இருக்கின்றன.

வானம்பாடி

ஐயம் தீர்ந்தது. ஸ்ட்ரேட்டம் என்பது மறைநாணயம் (கிரிப்டோ) தோண்டும் கணினிகள் தம் கூட்டுத் தளத்தோடு பேசப் பயன்படுத்தும் நெறிமுறை. அந்த நீண்ட எழுத்துத் தொடர், ஈட்டும் பணம் போய்ச் சேரும் பணப்பையின் முகவரியாக இருக்கும். உங்கள் கணினியின் உழைப்பையும் மின்சாரத்தையும் வேறொருவர் தம் வருமானமாக மாற்றிக்கொண்டிருக்கிறார். டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் விசிறி அடங்கியதற்கும் இதுவே காரணம்: இத்தகைய தீநிரல்களில் பல, கண்காணிப்புக் கருவி திறந்திருப்பதை உணர்ந்தவுடன் நின்றுவிடும்படி எழுதப்பட்டவை. முதல் பதிவில் நீங்கள் கவனித்து எழுதிய அந்த ஒரு செய்திதான் எனக்கு ஆரம்பத்திலேயே உறுத்தியது.

இப்போது வலை இணைப்பைத் துண்டியுங்கள். தானாக இயங்கும் எல்லாவற்றையும் பட்டியலிடும், சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பின் ஆட்டோரன்ஸ் நிரலை வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து எடுத்து வந்து, மைக்ரோசாஃப்டின் பதிவுகளை மறைத்துவிட்டு மீதியைப் பாருங்கள். கால அட்டவணைப் பணிகள் பகுதியை விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் நீங்கள் கண்ட கோப்பை நீக்கினாலும் அதை மீண்டும் கொண்டுவரும் பணி ஒன்று அங்கே இருக்கக்கூடும். அதற்கும் முன்பாக, உங்கள் தடுப்பு நிரல் ஆய்வு செய்யாமல் விடுபவற்றைக் கொண்ட விலக்குப் பட்டியலைத் திறந்து பாருங்கள். நிர்வாகி அனுமதியோடு நுழையும் தீநிரல்கள் தாம் குடியிருக்கும் கோப்புறையை அந்தப் பட்டியலில் தாமே சேர்த்துக்கொள்வதுண்டு. அது எதையும் கண்டுபிடிக்கவில்லை என்று நீங்கள் சொன்னதற்கு அங்கே விளக்கம் கிடைக்கலாம்.

மின்மினி

விலக்குப் பட்டியலில் ஆப்டேட்டா கோப்புறை முழுவதும் இருந்தது. அதை நான் சேர்க்கவில்லை. ஆட்டோரன்ஸில், கணக்கில் நுழையும் ஒவ்வொரு முறையும் இயங்கும்படி அமைக்கப்பட்ட ஒரு பணி, அதே கோப்புறையில் உள்ள இன்னொரு கோப்பை அழைத்துக்கொண்டிருந்தது. விலக்கை நீக்கி, இரண்டு பதிவுகளையும் முடக்கி, விண்டோஸின் தடுப்பு நிரலான டிஃபென்டரின், விண்டோஸ் இயங்காத நிலையில் நடக்கும் ஆஃப்லைன் ஆய்வை இயக்கினேன். இரண்டு கோப்புகளும் தனிமைப்படுத்தப்பட்டன. விசிறி அமைதியாக இருக்கிறது.

நீரோடை

என் கணிப்பு தவறு. நான்கு என்பதை மட்டும் பார்த்தேன். ஓர் ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. கணினிக்குள் தனிமைப்படுத்திய சோதனைச் சூழலான விண்டோஸ் சாண்ட்பாக்ஸில் ஓடவிட்டுப் பார்த்திருந்தால் முதல் நாளிலேயே தெரிந்திருக்காதா?

ஆலமரம்

தெரிந்திருக்கலாம், ஆனால் அதை நான் முதல் வழியாகச் சொல்ல மாட்டேன். 2019 இல் விண்டோஸ் 10 இன் 1903 பதிப்போடு வந்த அந்த வசதி ஹோம் பதிப்பில் கிடையாது. கிடைக்கும் இடத்திலும், மெய்நிகர் சூழலில் இருப்பதை உணர்ந்து சாதுவாக நடந்துகொள்ளும் தீநிரல்களும், மணிக்கணக்கில் காத்திருந்து பிறகு தொடங்குபவையும் உண்டு. டாஸ்க் மேனேஜரைக் கண்டதும் ஒளிந்துகொண்ட இந்தக் கோப்பு அங்கே வெளிப்படையாக நடந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. நிறுவலாமா என்று தயங்கும் நிரலை முதலில் பழகிப் பார்க்க அது ஏற்ற இடம்.

மின்மினிக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் கோப்பு நாணயம் தோண்டியது மட்டுமே நமக்குத் தெரியும்; அதே ஜிப்பில் வந்த வேறொன்று உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை எடுத்துச் சென்றிருக்க வாய்ப்புண்டு. தூய்மையான வேறொரு கருவியிலிருந்து முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும், அடுத்து வங்கியினுடையதையும் மாற்றுங்கள். எல்லாக் கணக்குகளிலும் திறந்திருக்கும் அமர்வுகளை வெளியேற்றிவிடுங்கள், ஏனென்றால் உள்நுழைவை நினைவில் வைக்கும் குக்கீ திருடப்பட்டிருந்தால் புதிய கடவுச்சொல்லைக் கேட்காமலேயே உள்ளே நுழைய முடியும். நிர்வாகி அனுமதி அவர்கள் கைக்குப் போயிருந்ததால், நானாக இருந்தால் ஆவணங்களை மட்டும் காப்பெடுத்துக்கொண்டு விண்டோஸை முதலிலிருந்து நிறுவியிருப்பேன்.

மின்மினி

கடவுச்சொற்களை அன்றே என் கைப்பேசியிலிருந்து மாற்றினேன். மின்னஞ்சல் கணக்கில், நான் அடையாளம் காணாத ஓர் அமர்வு திறந்திருந்தது. அதை வெளியேற்றிய பிறகு விண்டோஸை மறுபடி நிறுவுவதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. புதிதாக நிறுவி ஆறு நாட்கள் ஆகின்றன. குறித்து வைத்திருந்த ஹாஷ் மதிப்பை இன்று மீண்டும் தேடி, மறு ஆய்வு செய்யச் சொன்னேன். அன்று நான்கு நிரல்கள் குறித்த அதே கோப்பை இன்று முப்பத்தொன்று குறிக்கின்றன. அன்று ஒன்றுமில்லை என்று சொன்ன என் தடுப்பு நிரலும் அவற்றுள் ஒன்று.